கறுப்பு போர்ஷே 911இல் கை வைக்கும் முன்: பெயிண்ட் கரெக்‌ஷன் பழகுகிறவர்களுக்கு

கறுப்பு காரின் பானெட்டில் வெயில் நேராக விழும்போது, சூரியனின் பிம்பத்தைச் சுற்றி சிலந்தி வலை பின்னியதுபோல வட்டவட்டமாகக் கோடுகள் தெரியும். தொழிலில் இதற்கு ஸ்வர்ல் என்று பெயர். உண்மையில் அந்தக் கோடுகள் வட்டமானவை அல்ல. நாலா பக்கமும் கிடக்கும் மெல்லிய கீறல்களில், வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுகின்றன. அதனால் கண்ணுக்கு வட்டமாகப் படுகிறது. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும்.

இந்தக் கீறல்களைப் போட்டவர் பெரும்பாலும் காரைக் கழுவியவர்தான். தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பது, ஒரே பக்கெட் தண்ணீரில் வரிசையாக நாலு கார் கழுவுவது, தரையில் விழுந்த ஸ்பாஞ்சை எடுத்து அப்படியே மறுபடி தேய்ப்பது, எல்லாம் சேர்ந்துதான் அந்த வலை. அதை எடுக்கும் வேலை பெயிண்ட் கரெக்‌ஷன். எடுப்பது என்றால் ஏதோ பூசி மறைப்பது இல்லை. கீறலின் அடி எந்த ஆழத்தில் இருக்கிறதோ அந்த மட்டத்துக்கு, சுற்றியிருக்கும் கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற பூச்சு, அதையும் தேய்த்து இறக்குகிறோம். ஒவ்வொரு முறை செய்யும்போதும் பெயிண்ட் கொஞ்சம் மெலிகிறது. மெலிந்தது மெலிந்ததுதான், எந்த பாலிஷும் அதைத் திருப்பித் தராது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாதவர் கையில் மெஷின் கிடைத்தால், பளபளப்பு கூடும், காரின் ஆயுள் குறையும்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது சென்னையில் ஓடும் கறுப்பு போர்ஷே 911. 2018 இறுதியில் அறிமுகமான 992 தலைமுறை. கறுப்பு எதையும் மறைக்காது என்பதால் பாடம் சொல்ல வசதி. ஆனால் இதிலேயே பழக ஆரம்பிக்காதீர்கள். டிங்கரிங் ஷெட்டில் கழித்துப் போட்ட பானெட் ஒன்று வாங்கி, பெயிண்ட் போகும்வரை தேய்த்துப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் போகிறது, விளிம்பில் எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதைக் கை ஒருமுறை உணர்ந்துவிட்டால் போதும், பிறகு மறக்காது.

முதலில் அளவு

பெயிண்டின் கனத்தை மைக்ரானில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடி சுமார் 70 மைக்ரான் இருக்கும். ஃபேக்டரி பெயிண்டில் பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். நம்முடைய மொத்த வேலையும் அதன் மேல் சில மைக்ரானுக்குள் முடிய வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் கலந்திருப்பது கிளியரில்தான். அது ரொம்ப மெலிந்தால் இரண்டு மூன்று கோடை தாண்டியதும் வெளுத்து உரிய ஆரம்பிக்கும்.

அளக்க பெயிண்ட் கேஜ் வேண்டும். மலிவான கேஜ்களில் சில இரும்பில் மட்டுமே வேலை செய்யும். 992இல் அது உதவாது. முன், பின் பகுதிகளைத் தவிர இந்தக் காரின் வெளித்தோல் முழுக்க அலுமினியம். இரும்பு, அலுமினியம் இரண்டையும் படிக்கும் கேஜாகப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் பம்பரில் அதுவும் எதையும் காட்டாது. 911இன் ஜி.டி.3 மாடல் வந்தால் இன்னொரு சிக்கல்: அதன் பானெட் கார்பன் ஃபைபர். பிளாஸ்டிக்கும் கார்பனும் அளக்க அல்ட்ராசோனிக் கேஜ் தேவை, விலை அதிகம். அது கையில் இல்லாதவரை அந்தப் பாகங்களில் மிக மென்மையான பாலிஷைத் தாண்டிப் போகாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஒவ்வொரு பேனலிலும் ஐந்தாறு இடத்தில் அளந்து, டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டிவிடுங்கள். 115, 120, 118 என்று போய்க்கொண்டிருந்து ஒரு கதவு மட்டும் 260 காட்டினால், அந்தக் கதவு ஒருமுறை ரீபெயிண்ட் ஆகியிருக்கிறது. பட்டி பார்த்த இடம் என்றால் எண் அதற்கும் மேலே எகிறும். உரிமையாளருக்கே தெரியாமல் இருக்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய காராக இருந்தால் இந்தச் செய்தியைப் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கும். மாறாக ஒரு இடம் 85 காட்டினால், நமக்கு முன்னால் யாரோ நன்றாகவே தேய்த்திருக்கிறார். மொத்தம் 80க்குக் கீழே இறங்கினால் நான் அங்கே மெஷினைக் கொண்டுபோக மாட்டேன்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கேஜ் காட்டுவது மொத்தக் கனம். அதில் கிளியர் எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது. 150 என்று பார்த்துவிட்டு நிறைய இருக்கிறது என்று தைரியமாகத் தேய்க்கிறவர்கள்தான் நிறத்தைத் தொட்டுவிட்டு முழிப்பார்கள்.

கழுவுவது, இதில்தான் பாதி வேலை

கழுவும்போது புதிதாகக் கீறல் போட்டுவிட்டு அதை எடுக்க மறுபடி தேய்ப்பது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கார் சூடாக வந்திருந்தால் முதலில் ஆறட்டும். 911இன் எஞ்சின் பின்பக்கம். ஈ.சி.ஆரில் ஓட்டிவிட்டு நேராகக் கொண்டுவந்தால் பின் மூடி ரொம்ப நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். அங்கே ஷாம்பு போட்டால் கழுவுவதற்குள் காய்ந்து கறையாகிவிடும்.

வீலில் இருந்து தொடங்குங்கள். வீலுக்குத் தனி பக்கெட், தனி பிரஷ், தனி துணி. இவை பாடிக்கு எப்போதும் போகக்கூடாது. பிரேக் காலிப்பர் மஞ்சளாக இருந்தால் அது போர்ஷேயின் செராமிக் பிரேக். வீட்டு டைல்ஸ் கழுவும் ஆசிட் மாதிரி எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். டயர் டிரெஸ்ஸிங்கும் வாக்ஸும் டிஸ்க்கில் படவே கூடாது. எந்தக் காராக இருந்தாலும் இது பொருந்தும். பிரேக் பிடிக்காமல் போனால் பளபளப்பு யாருக்கு வேண்டும்?

பிறகு பாடி. பிரஷர் வாஷரால் மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடித்து, ஃபோம் போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காயும் முன் அலசுங்கள். கை படாமலே எவ்வளவு மண் போகுமோ அவ்வளவும் போகட்டும். பின் மூடியில் உள்ள கிரில்லுக்குள் பிரஷரை நேராகக் காட்டாதீர்கள், கீழே எஞ்சின் இருக்கிறது. அப்புறம் இரண்டு பக்கெட்: ஒன்றில் பி.ஹெச். சமநிலையான ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். இரண்டின் அடியிலும் கிரிட் கார்டு எனும் சல்லடைத் தட்டு. மிட் எனும் மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் முக்கி, ஒரு பேனலை நேர்க்கோட்டில் துடைத்து, வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, மறுபடி ஷாம்பு. கூரையில் ஆரம்பித்து, கதவின் கீழ்ப்பகுதியும் பின் பம்பரும் கடைசியில். மண் அதிகம் அங்கேதான்.

சென்னையில் இன்னொரு தலைவலி தண்ணீர். பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு. கறுப்பு பெயிண்டில் அது காய்ந்தால் வெள்ளை வட்டம் நிற்கும், வெயிலில் விட்டால் கிளியரையே அரித்துக் குழி போட்டுவிடும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. கடைசி அலசலுக்காவது டி.டி.எஸ். 50க்குக் கீழே உள்ள ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்துவது நல்லது. ஏற்கனவே வட்டம் விழுந்திருந்தால், உப்பு மேலே மட்டும் படிந்திருக்கிறதா, குழி விழுந்துவிட்டதா என்று பாருங்கள். மேலே இருப்பது அமிலத் தன்மையுள்ள வாட்டர் ஸ்பாட் ரிமூவரில் கரைந்துவிடும். அதற்கு மெஷின் எடுப்பது வீண்செலவு, பெயிண்டுக்கும் சேர்த்துத்தான்.

துடைக்கும்போது தேய்க்க வேண்டாம். பெரிய டிரையிங் டவலை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தால் போதும். கண்ணாடி இடுக்கு, ஸ்பாய்லர் அடி, லோகோ ஓரம் எல்லாவற்றையும் புளோயரால் ஊதிவிடுங்கள். ஸ்பாய்லரை மேலே எழுப்பி அதன் அடியையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பாலிஷ் செய்துகொண்டிருக்கும்போது அங்கே ஒளிந்திருந்த அழுக்குத் தண்ணீர் ஒழுகும்.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

கழுவிய காரில், மெல்லிய பாலிதீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் பெயிண்டில் ஏதோ குத்திக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் பிரேக்கில் இருந்து பறந்த இரும்புத் துகள். அயன் ரிமூவர் அடித்தால் அது இரும்போடு வினைபுரிந்து ஊதா நிறத்தில் வழியும். அழுகிய முட்டை வாடை வரும், பழகிக்கொள்ள வேண்டியதுதான். காயவிடாமல் அலசுங்கள். தாருக்குத் தார் ரிமூவர். மிச்சத்துக்கு க்ளே எனும் களிமண் போன்ற கட்டி: தட்டையாக்கிய க்ளேயை, லூப்ரிகண்ட் தாராளமாக அடித்து, அழுத்தாமல் நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். அடிக்கடி மடித்துப் புதுப்பக்கம் எடுங்கள். க்ளே கீழே விழுந்தால் குப்பையில் போட்டுவிடுங்கள். அதற்கு வேறு வைத்தியம் இல்லை.

க்ளே லேசாகக் கீறல் போடும். அடுத்து பாலிஷ் போடப் போகிறோம் என்பதால் பரவாயில்லை. பாலிஷ் போடாத காருக்கு, அதுவும் கறுப்புக்கு, சும்மா க்ளே அடிக்காதீர்கள்.

டேப்

ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக், ஹெட்லைட் ஓரம், பின்னால் இருக்கும் போர்ஷே எழுத்து எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். பாடியின் கூர்மையான மடிப்புகளுக்கும் பேனல் விளிம்புகளுக்கும் போடுங்கள். பெயிண்ட் அங்கேதான் மிக மெல்லியது, மெஷினின் அழுத்தமும் அங்கேதான் குவியும். பல 911களில் பின் சக்கரத்துக்கு முன்னால் அகன்று நிற்கும் இடுப்பில், கல் தெறிக்காமல் இருக்க ஃபேக்டரியிலேயே கண்ணுக்குத் தெரியாத பிலிம் ஒட்டியிருப்பார்கள். அதன் விளிம்பைத் தேடிக் கண்டுபிடித்து டேப் போடுங்கள். மெஷினில் சுழலும் பேட், அதாவது தேய்க்கும் திண்டு, அந்த விளிம்பில் மாட்டினால் பிலிம் கிளம்பி வந்துவிடும்.

டெஸ்ட் ஸ்பாட்

முழுக் காரையும் தொடும் முன் ஒரு சிறு இடத்தில் மட்டும் தேய்த்துப் பார்ப்பதுதான் டெஸ்ட் ஸ்பாட். புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிக் குதிக்கும் இடம் இது. தாண்டினால் மீதி வேலை முழுக்க ஊகம்தான்.

மெஷின் இரண்டு வகை. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். வேகமாக வெட்டும், வேகமாகச் சூடேற்றும். பழகாத கையில் ஹோலோகிராம் எனப்படும் அலையலையான கோடுகளை விட்டுச்செல்லும். டி.ஏ. எனும் டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேட் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும். அந்த ஆட்டத்தின் அகலத்தைத் த்ரோ என்பார்கள்: 8, 15, 21 மில்லிமீட்டர் என்று வரும். டி.ஏ.வில் விளிம்பில் அழுத்தினால் பேட் சுற்றாமல் நின்றுவிடும், ஆகவே பெயிண்டை எரிப்பது கஷ்டம். தொடக்கத்துக்கு 15 த்ரோ உள்ள டி.ஏ. ஒன்று போதும். ரூபெஸ், ஃபிளெக்ஸ் போன்ற பிராண்டுகள் விலை கூடியவை, ஆனால் நாள் முழுக்கப் பிடித்தாலும் கை மரத்துப்போகாது. ரோட்டரியை ஸ்டைலாகச் சுழற்றும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதை முதலில் வாங்க வேண்டாம்.

பானெட்டின் தட்டையான ஒரு பகுதியில் இரண்டடிக்கு இரண்டடி டேப்பால் கட்டம் போடுங்கள். முதலில் மென்மையான ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ். முடித்துத் துடைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பெரும்பகுதி கீறல் போய்விட்டதா? அப்படியானால் முழுக் காருக்கும் அதுதான், அதைவிடக் கடினமான எதையும் டப்பாவில் இருந்து எடுக்காதீர்கள். போகவில்லை என்றால் பாலிஷை மட்டும் ஒரு படி ஏற்றுங்கள். அப்போதும் போகவில்லையா, பேடை ஏற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். மைக்ரோஃபைபர் பேடும், காம்பவுண்ட் எனும் அதிகம் வெட்டும் பாலிஷும் கடைசியாக வரவேண்டியவை.

ஒவ்வொரு முறையும் துடைத்த பிறகு, 15 முதல் 20 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரோ கடையில் கிடைக்கும் பேனல் வைப் எனும் எண்ணெய் நீக்கியோ அடித்து மறுபடி துடைக்க வேண்டும். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலில் போய் நிரம்பி, கீறல் இல்லாத மாதிரி காட்டும். அந்த எண்ணெய் போன பிறகு தெரிவதுதான் உண்மை. இரண்டே நாளில் முடித்துக் கொடுத்த கார் இரண்டாவது வாஷில் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்கிற வாடிக்கையாளரிடம் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

டெஸ்ட் ஸ்பாட்டை மறுபடி அளந்து பாருங்கள். கேஜே இரண்டு மூன்று மைக்ரான் முன்பின் காட்டும் என்பதால் ஒரு மைக்ரான் வித்தியாசத்தை நம்ப வேண்டாம். ஐந்துக்கு மேல் குறைந்திருந்தால் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

மெஷின் ஓட்டுவது

புது பேடில் பாலிஷை எல்லாப் பக்கமும் மெல்லத் தடவிவிட்டு, அதன்மேல் துவரம்பருப்பு அளவில் நாலு சொட்டு. மெஷின் நின்ற நிலையில் பேடைப் பெயிண்டில் வைத்து, குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு 4ஆம் எண்ணுக்கு ஏற்றுங்கள். கிடக்கும் பேனலில் மெஷினின் எடையோடு கொஞ்சம் கை எடை போதும். பேடின் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், அது சுற்றுகிறதா சும்மா ஆடுகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். நொடிக்கு மூன்று நாலு சென்டிமீட்டர், அவ்வளவு மெதுவாக. முதலில் இடவலமாக, ஒவ்வொரு வரிசையும் முந்தியதில் பாதியை மூடும்படி. பிறகு மேலும் கீழுமாக. இப்படி நாலு முதல் ஆறு பாஸ். அவசரப்பட்டு வேகமாக ஓட்டினால் அதே வேலையை இரண்டு முறை செய்வீர்கள்.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடைப் பிரஷ்ஷாலோ காற்றாலோ சுத்தம் செய்யுங்கள். தேய்ந்து வந்த கிளியரும் காய்ந்த பாலிஷும் பேடில் சேர்ந்தால் அதுவே கீறல் போடும். ஒரு 911க்கு ஆறேழு பேடாவது கைவசம் இருக்கட்டும். பழைய காரில் பேடில் காரின் நிறமே ஒட்டுகிறதா? பயப்பட வேண்டாம், அது கிளியர் இல்லாத சிங்கிள் ஸ்டேஜ் பெயிண்டாக இருக்கலாம். 992இல் அப்படி ஒட்டினால் மட்டும் உடனே மெஷினை அணைத்துவிடுங்கள்.

சூட்டையும் கவனியுங்கள். பேனலில் புறங்கையை வைத்திருக்க முடியாத சூடு வந்தால் ஏற்கனவே அதிகம். அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பம்பர் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் பம்பரில் சிறிய கட்டம், குறைந்த வேகம், நடுநடுவே இடைவெளி.

இந்தக் காரின் பின் இடுப்பு வளைவு பார்க்க எவ்வளவு அழகோ அவ்வளவு தொல்லை. ஆறு அங்குல பேட் அங்கே ஓரத்தில் மட்டும்தான் தொடும். மூன்று அங்குல பேடுக்கு மாறி, பொறுமையாகப் போங்கள். எழுத்துகளுக்கு இடையிலும் கதவுக் கைப்பிடியின் குழியிலும் கையால்தான். கைப்பிடிக் குழியில் நகக் கீறல் நிறைய இருக்கும்.

விட்டுவிட வேண்டியவை

நகத்தால் கீறலைக் குறுக்கே தடவுங்கள். நகம் மாட்டினால் அது பாலிஷ் செய்து எடுக்கும் ஆழத்தில் இல்லை. அதன் அடிவரை போனால் கிளியர் மிஞ்சாது. அதன் ஓரங்களை மட்டும் லேசாக மழுக்கினால் வெளிச்சத்தில் மின்னுவது குறையும், மூன்றடி தள்ளி நின்றால் கண்ணில் படாது. பறவை எச்சம் அரித்த குழியும் இப்படித்தான். முன் பம்பரில் கல் பட்டுப் பெயர்ந்த புள்ளிகளுக்கு டச்சப் பெயிண்ட்தான், மெஷின் அல்ல.

“கீறல் ஒண்ணு கூட இருக்கக் கூடாது, காசு பிரச்சினை இல்லை” என்று சொல்லும் உரிமையாளர் வருவார். கேஜ் எண்களை அவரிடம் காட்டி, “சார், இதை எடுத்தா அடுத்த தடவை எடுக்க ஒண்ணும் இருக்காது” என்று சொல்லுங்கள். நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பங்கு கீறல் போனாலே கறுப்பு கண்ணாடியாகிவிடும். மிச்சத்துக்காக வாட்டர் பேப்பர் எனும் உப்புத்தாளை எடுப்பது, தினமும் ஓட்டுகிற காருக்குத் தேவையே இல்லை. கண்காட்சிக்குப் போகிற கார் என்றால் அது வேறு கணக்கு, அதுவும் பல வருடம் பழகிய கைக்கு.

கோட்டிங்

பாலிஷ் முடிந்ததும் பெயிண்ட் வெறும் உடம்போடு நிற்கிறது. பேனல் வைப்பால் முழுக்கத் துடைத்துவிட்டு பாதுகாப்புப் பூச வேண்டும். கார்னோபா வாக்ஸ் அழகாக இருக்கும், நம் வெயிலுக்குச் சில வாரம், அதிகம் போனால் ஓரிரு மாதம். சிலிக்கா அடிப்படையிலான செராமிக் கோட்டிங் வருடக்கணக்கில் நிற்கும். டப்பாவில் 9ஹெச் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பென்சில் கடினத்தின் அளவு. கல் தெறித்தாலும் காக்கும் என்று அர்த்தம் இல்லை. கல்லுக்குப் பயன்படுவது பி.பி.எஃப். எனும் தடித்த பாலியூரித்தேன் பிலிம்தான்.

கோட்டிங்கைச் சிறு பகுதியாகப் பூசி, மேலே வானவில் நிறம் ஓடத் தொடங்கியதும் துடைக்க வேண்டும். இது காற்றின் ஈரத்தால் இறுகும் பொருள். ஈரப்பதம் 70, 80 சதவீதம் சாதாரணமாக இருக்கும் சென்னையில், டப்பாவில் எழுதிய நேரத்துக்கு முன்பே இறுகிவிடலாம். ஏ.சி. இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றரை அடிக் கட்டமாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். துடைத்த பிறகு விளக்கை வைத்து ஒவ்வொரு பேனலையும் தேடுங்கள். துடைக்காமல் விட்ட திட்டு அன்றே தெரிந்தால் கையால் போகும், மறுநாள் தெரிந்தால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதாவது இன்னும் கொஞ்சம் கிளியர் செலவு.

குறைந்தது ஓர் இரவு தூசியும் தண்ணீரும் படாமல் உள்ளே நிற்கட்டும். ஒரு வாரம் ஷாம்பு வேண்டாம்.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது

முன்பு எடுத்த எண்களையும் வேலைக்குப் பிறகு எடுத்த எண்களையும் பேனல் வாரியாக ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். என்ன பேட், என்ன பாலிஷ் என்பதையும் சேர்த்து. அடுத்து இந்தக் காரைத் தொடப்போகிறவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம். அவருக்கு அந்தத் தாள் உதவும். கூடவே இரண்டு பக்கெட், ஒரு மிட், ஒரு டவல், இவற்றைப் பயன்படுத்தும் முறையை உரிமையாளரிடம் மட்டும் சொல்லாமல், தினமும் காலையில் காரைத் துடைக்கும் டிரைவரையும் கூப்பிட்டுச் செய்து காட்டுங்கள். அவர் இடுப்பில் செருகியிருக்கும் பழைய துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, புது மைக்ரோஃபைபர் துணி நாலு கொடுத்து அனுப்புங்கள். அதற்குத் தனியாகப் பில் போட வேண்டாம்.